ஊதினால் போகாத ஜெட்

அந்த வண்டிக்கு வீட்டுக்காரம்மா சொன்ன விலை இதுதான்: அது ஓடுகிற சத்தத்தை ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும்.

பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கி விற்பதில் தலை நரைத்தவர் அரைவிலை. எதற்கும் பாதியில்தான் பேச்சைத் தொடங்குவார் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இந்த விலைக்கு அவருக்கே கணக்கு வரவில்லை. ஒரு சத்தத்தில் பாதி எவ்வளவு?

வாசல் ஓரமாக ஒதுங்கி மச்சானுக்குப் போன் போட்டார்.

"மச்சான், அந்தக் காலத்து வண்டி. டாங்க்ல ஒரு கீறல் கிடையாது. சும்மா தர்றாங்க."

"சும்மா தர்றாங்கன்னா ஒண்ணு, வண்டியில பேய் இருக்கும். இல்ல, பேப்பர் இருக்காது."

"பேப்பர் இருக்கு."



"அப்ப பேசாம வந்துரு," என்றார் மச்சான்.

"வாயைக் கழுவு. நாளைக்குக் காலையில அந்தம்மாவோட தம்பி வந்து வீட்டைக் காலி பண்றாராம். வண்டி நேரா பழைய இரும்புக்குப் போகுது. இன்னைக்குக் கிளப்பினா எனக்கு. இல்லேன்னா தராசுக்கு."

இப்படி ஒரு வண்டியைத் தராசில் ஏற்ற அரைவிலை விடமாட்டார். அவர் ஆசைப்பட்டு, கைக்கு வராமலே போன ஒரே ரகம் அது. இதை அவர் விற்கப்போவதில்லை. அதை மச்சானிடம்கூடச் சொல்லவில்லை.

வண்டி நின்றது வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஷெட்டில். மதியம்தான். ஆனாலும் மழை வானத்தை மூடியிருந்ததால் விளக்கைப் போட வேண்டியிருந்தது. ஒற்றை பல்பு. கெட்டுப்போன பெட்ரோலின் புளித்த வாடை. அதற்கடியில் இன்னொன்று: நெஞ்சில் தடவுகிற மருந்தின் வாடை.

வீட்டுக்காரம்மா ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வழியை மறித்த மாதிரி.

"எங்க வீட்டுக்காரர் எப்பவும் இங்கதான் இருப்பார், தம்பி. நெஞ்சு சரியில்ல. ஒவ்வொரு மூச்சும் முடியறப்ப மெல்லிசா விசில் அடிக்கும். அதை வச்சே எந்த ரூம்ல இருக்கார்னு எனக்குத் தெரியும்."

"எப்படிப் போனார்மா?"

"கார்புரேட்டரைக் கழட்டி வச்சு, அதுல பெட்ரோல் போற குட்டி ஜெட்டை வாயில வச்சு, அடைப்பு போக ஊதிக்கிட்டு இருந்தார். கிளப்பிக் காட்டறேன், வந்து கேளுன்னார். நான் கையைத் துடைச்சிக்கிட்டு வர்றதுக்குள்ள..." அவர் நிறுத்தினார். "ஊதினது முடியல. பாதியில நின்னுருச்சு."

அரைவிலை உச்சுக் கொட்டினார். கை ஏற்கெனவே ஸ்பேனரில் இருந்தது.

"அப்புறம் ஒரு மெக்கானிக் வந்தார். எல்லாத்தையும் மாட்டினார். கிளம்பல. ஊதித்தான் பார்த்தார்," என்றார் அந்தம்மா.

பெட்ரோல் டேப்பை மூடினார் அரைவிலை. குழாயை உருவினார். மேல்மூடியைத் திருகி, ஆக்ஸிலரேட்டர் ஒயரில் தொங்கிய ஸ்லைடையும் ஊசியையும் வளையாமல் ஓரமாகக் கட்டினார். இன்ஜினோடு பிடித்திருந்த இரண்டு நட்டுகளும் முனகிக்கொண்டே கழன்றன. கார்புரேட்டர் கைக்கு வந்தது.

கிளம்பாத வண்டி. வெயில் படாத ஷெட்.

கார்புரேட்டர் வெதுவெதுப்பாக இருந்தது.

பல்பின் சூடாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். பல்பு கூரையில் இருந்தது.

வெள்ளைத் துணியை விரித்து, கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றையும் வைத்தார். அடிக்கிண்ணத்தில் பழைய பெட்ரோல் பிசினாகிப் பச்சை பிடித்திருந்தது. புதுப் பெட்ரோலில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தார். பித்தளை மெல்ல மஞ்சளுக்குத் திரும்பியது. மிதவையைக் குலுக்கிப் பார்த்தார், ஓட்டையில்லை. எல்லாம் சொன்னபடி கேட்டது. ஆனாலும் அவரால் ஒரு நிலையில் உட்கார முடியவில்லை. ஸ்டூலை நகர்த்தினார், மறுபடி நகர்த்தினார். யாரோ தோளுக்கு மேலிருந்து எட்டி வேலையைப் பார்க்கிற மாதிரி பிடரி கூசியது.

கடைசியில் அந்த ஜெட். சுண்டுவிரல் நகம் அளவு பித்தளை, நடுவே ஊசி நுழையாத துளை.

பல்புக்கு நேராகப் பிடித்தார். துளை வழியே வெளிச்சம் ஒரு பொட்டாகத் தெரிந்தது. அடைப்பில்லை.

உதட்டில் வைத்து ஊதினார்.

போகவில்லை.

மறுபடி பல்பில் பிடித்தார். வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. மறுபடி ஊதினார். கன்னம் உப்பியது, காது அடைத்தது.

வெளிச்சம் போகிற துளையில் காற்று போகவில்லை.

கம்பி விட்டுக் குத்தலாம். ஆனால் துளை மயிரிழை பெரிதானாலும் ஜெட் வீண். இந்த வண்டிக்கு இன்னொன்று கிடைக்காது. மூச்சை முட்டப் பிடித்து மூன்றாம் முறை ஊதினார்.

அந்தப் பக்கத்திலிருந்து எதிர்த்து ஊதியது.

மெல்லத்தான்.

அரைவிலை ஜெட்டை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அந்தப் பக்கம் என்று ஒன்றும் இல்லை. அவருடைய விரல்தான் இருந்தது. மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"உறிஞ்சிப் பாருங்களேன், தம்பி," என்றார் அந்தம்மா, மழைச் சத்தத்துக்கு நடுவே, ரகசியமாக.

எழுந்து போயிருக்கலாம். ஆனால் டாங்க் பல்பு வெளிச்சத்தில் மின்னியது. தொழில் தெரிந்தவன் செய்கிற வேலையும் அதுதான்: ஊதிப் போகாததை உறிஞ்சி எடுப்பது.

உறிஞ்சினார்.

வந்தது.

தூசியில்லை, பிசினில்லை. சூடான காற்று. நெஞ்சு மருந்து வாடை. அவர் உறிஞ்சுவதை நிறுத்திய பிறகும் அது வந்துகொண்டே இருந்தது. தொண்டையைத் தாண்டி, நெஞ்சுக்கூட்டில் இடம் பார்த்து, ஒதுங்கி, உட்கார்ந்தது.

கடைசியில் மெல்லிய விசில்.

ஜெட்டை ஊதினார். தாராளமாகப் போனது.

மாட்டும்போது கைகள் அவரைக் கேட்காமலே வேலை செய்தன. எந்தத் திருகு எங்கே என்று ஒருமுறைகூடத் துணியைப் பார்க்கவில்லை. கிக்கரை ஒரே உதை. வண்டி கிளம்பியது, ஷெட்டின் தகரமெல்லாம் அதிர்ந்தது.

அந்தம்மா வண்டியைப் பார்க்கவில்லை. அரைவிலையின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஜினை அணைத்தார். மழையும் அந்த நேரம் பார்த்து விட்டிருந்தது.

"என்னங்க," என்றார் அந்தம்மா மெதுவாக.

"ம்."

அரைவிலை பதில் சொல்லவில்லை. ஆனால் அது அவர் வாயிலிருந்துதான் வந்தது.

அந்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார். பேப்பர்களை அவர் கையில் வைத்தார்.

"வண்டி உங்களுது. இனி நான் இருக்கப்போற என் தம்பி வீடு பக்கத்துத் தெருதான். அடிக்கடி வந்துட்டுப் போங்க."

"நானா?"

"நீங்களும் வாங்க, தம்பி."

ஹெல்மெட்டை மாட்டியவர் ரயில்வே கேட் வரை திரும்பிப் பார்க்கவில்லை. கேட் மூடியிருந்தது. இன்ஜினை அணைத்தார். முன்னும் பின்னும் வேறு வண்டியில்லை. ஈரக் காற்று குளிர்ந்தது; அவர் மூச்சுப்பட்டு ஹெல்மெட் கண்ணாடி மங்கியது, தெளிந்தது.

உடனே மறுபடி மங்கியது.

பதற்றத்தில் இரைக்கிறது என்று நினைத்தார். நிதானமாக மூச்சை இழுத்து, விட்டு, அப்படியே அடக்கினார். வாயை இறுக மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார்.

கண்ணாடி மங்கியது.

தெளிந்தது.

மங்கி முடியும்போது, ஹெல்மெட்டுக்குள்ளே, காதோரம், மெல்லிய விசில்.

பிறந்ததிலிருந்து கணக்குப் பார்த்துப் பழகிய மனது, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் எண்ணியது. இழுத்த மூச்சு ஒன்று. விட்ட மூச்சு இரண்டு. அதில் அவருடையது ஒன்று.

சரிபாதி.