இப்போதைக்கு இல்லை, வணக்கம்

பால் வாங்கித் திரும்புவதற்குள் பொற்கொடியை ஐந்து நிறுவனங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. நிலாவில் இருக்கும் வெண்ணகரில் இது அன்றாடம் நடப்பதுதான். அங்கே ஒவ்வொருவரின் தன்விவரமும் காதுக்குப் பின்னால் பதித்த மின்சில்லில் இருக்கும். கட்டட வாசலில் உட்கார்ந்திருக்கும் 'தெரிவி' என்ற இயந்திரம், கடந்து போகிறவர்களை எல்லாம் படிக்கும். பிடிக்காவிட்டால் காதுக்குள் தேனொழுகச் சொல்லும்: "இப்போதைக்கு இல்லை. வணக்கம்."

சோமன் காற்று நிறுவனத்தின் வாசல் மட்டும் வேறு பாட்டுப் பாடியது. "உங்கள் விண்ணப்பம் மனிதப் பார்வைக்குக் காத்திருக்கிறது." நூற்றில் ஒரு விண்ணப்பத்தையாவது மனிதர் படித்து முடிவு சொல்லவேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். பொற்கொடியுடையது அந்த ஒன்றில் மாட்டிக்கொண்டு இரண்டு மாதமாகக் காத்துக்கிடந்தது.

அவளால் இனிமேல் காத்திருக்க முடியாது. வெண்ணகரில் சும்மா இருப்பவருக்குச் சும்மா காற்று கிடையாது. மாதக் கடைசிக்குள் வேலை கிடைக்காவிட்டால் பூமிக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். கணவன் தணிகைக்கு இங்கே இன்னும் நான்கு வருட ஒப்பந்தம் பாக்கி. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவனை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை.

அன்று சாயங்காலம் தணிகை அவள் தன்விவரத்தைச் சுவரில் விரித்துப் பார்த்தான்.

"'எட்டு வருடம் மிக்ஸி கடையில் புகார் கவுண்டர். யார் என்ன சொன்னாலும் முழுசாகக் கேட்பேன்.' இவ்ளோதானா?"

"அதானேங்க நான் பண்ணேன்."

"நீ என்ன பண்ணேன்னு யாரு கேட்டா? விளம்பரத்துல அவங்க போட்ட வார்த்தை உன்கிட்ட இருக்கான்னுதான் தெரிவி தேடும். இருந்தா உள்ள, இல்லேன்னா வெளிய."

"அப்ப பொய் சொல்லணுமா?"

"பொய் எதுக்கு? கொஞ்சம் தாளிச்சுக் கொட்டலாம், அவ்ளோதான்."

இருவரும் சிரித்துச் சிரித்துத் தாளித்தார்கள். மிக்ஸி கடை 'சுழல்விசைத் தொழில்நுட்பச் சூழல்' ஆயிற்று. திட்டு வாங்கியது 'உணர்வு மேலாண்மையில் தொலைநோக்கு முன்னெடுப்பு' ஆயிற்று. மிச்சமிருந்த இடத்தில் மீள்திறன், ஒருங்கிணைப்பு, பல்முனைச் சிந்தனை என்று திறவுச்சொற்களை வாரி இறைத்தார்கள். படித்துப் பார்த்த பொற்கொடிக்குத் தன்மீதே மரியாதை வந்துவிட்டது.

மறுநாள் அவளால் பால் கடைக்கே போக முடியவில்லை. நேற்றுவரை விரட்டிய வாசல்கள் எல்லாம் "அம்மா, ஒரு நிமிடம்" என்று குழைந்தன. ஒன்று பாலம் கட்டக் கூப்பிட்டது, இன்னொன்று பல் பிடுங்கக் கூப்பிட்டது. அவள் நேராகச் சோமன் நிறுவனத்துக்குள் நுழைந்தாள். கதவு தானாகத் திறந்தது.

மேலாளர் ஜோசப் எழுந்து நின்று வரவேற்றார். "ஒரு வேலை இருக்கும்மா. மனிதப் பார்வைக்கு வந்த விண்ணப்பம் மலையாக் கெடக்கு, படிக்க ஆளில்ல. மெஷினுக்கு வார்த்தைதான் தெரியும், மனுஷங்கள நம்மாலதான் பார்க்க முடியும். பேரெல்லாம் மறைச்சிருப்போம். நீங்க ஒண்ணுவிடாம முழுசாப் படிச்சா போதும்."

"அது எனக்கு நல்லா வரும் சார்," என்றாள் பொற்கொடி. அவள் அன்று சொன்னதில் தாளிக்காத வாக்கியம் அது ஒன்றுதான். ஜோசப் அங்கேயே ஒப்பந்தத்தை நீட்டினார். அவள் தணிகையைக் கூப்பிட்டு, "கப்பல் கேன்சல்" என்றாள். அந்தப் பக்கம் அவன் போட்ட குதியில், நிலாவின் ஈர்ப்பு குறைவல்லவா, தலை கூரையில் இடித்த சத்தம் கேட்டது.

வேலை எளிது. படித்துப் பார்த்து, வேண்டும் என்றால் வலப்பக்கம், வேண்டாம் என்றால் இடப்பக்கம் விரலால் தள்ளவேண்டும். முதல் விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தாள். இரண்டாவதைப் படித்துக் கண் கலங்கினாள்.

"இன்னும் ரெண்டாவதுதானா மேடம்?" என்றார் பக்கத்து மேசைக்காரர். "அப்புறம் சாப்பாட்டுக்குப் போக முடியாது, பார்த்துக்குங்க."

பொற்கொடி வேகத்தைக் கூட்டினாள். மூன்றாவதைப் பாதி படித்தாள். பத்தாவது வருவதற்குள் கண் பழகிவிட்டது. தொலைநோக்கு இருக்கிறதா, முன்னெடுப்பு இருக்கிறதா என்று மட்டும் அது தேடிப் பொறுக்கியது. இருந்தால் வலம், இல்லாவிட்டால் இடம். கை அருமையாகத் தாளம் பிடித்தது. சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால், வெறும் இரண்டே வரியில் ஒன்று வந்தது. அதில் ஒரு திறவுச்சொல்லும் கண்ணில் படவில்லை. இடப்பக்கம் தள்ளினாள்.

உடனே அவள் காதுக்குள் தேன் ஒழுகியது.

"பொற்கொடி அவர்களே, இரண்டு மாதம் முன்பு வந்த தங்கள் விண்ணப்பத்தை ஒரு மனிதர் தம் கண்ணால் முழுமையாகப் படித்துப் பார்த்தார். இப்போதைக்கு இல்லை. வணக்கம்."

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "முழுசாப் படிச்சானாம். எவன்யா அவன், மனசாட்சி இல்லாதவன்?"

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் பார்வை போன திசையில் அவளும் பார்த்தாள். அவளுடைய விரல் இன்னும் இடப்பக்கம் நீண்டபடியே இருந்தது.