பதினாலாம் நம்பர் ரத்தம்

ஒரு குப்பி நாற்பதாயிரம் ரூபாய்!

தாயும் பிள்ளையும் பத்து மாதம் பங்கு போட்டுக்கொண்ட தொப்புள்கொடி ரத்தத்துக்கு எவனோ விலை வைத்திருந்தான். அதுவும் மொத்த விலை. பத்துக் குப்பி, நாலு லட்சம்!

விற்றவன் லேப் தரையில் கிடந்தான்.

சஜின். வயது இருபத்தெட்டு. லேப் அசிஸ்டென்ட். வாயில் நுரை... திறந்த கண்களில் கடைசி நேரத்து ஆச்சரியம். பக்கத்தில் உருண்டு கிடந்த பேப்பர் கப்பிலிருந்து காப்பி வாசமும், அதைத் தாண்டிக்கொண்டு பூண்டு அழுகிய மாதிரி ஒரு நெடியும்.

நர்ஸ் ஜெபகுமாரி போட்ட அலறலில் கீழ் மாடிப் பல் டாக்டர் கொறடோடு ஓடி வந்தார்.

இருபதாவது நிமிடம் இன்ஸ்பெக்டர் கிளீட்டஸ் வந்தார்.

"நீங்கதான் மொதல்ல பாத்தியளா?"

"ஆமா சார்... நேத்து நாலு மணிக்கு நான் போவும்போ சிரிச்சிட்டு இருந்தான். இண்ணைக்கு வந்து பாத்தா..."

கிளீட்டஸ் சஜினின் செல்லை நீட்டினார். கடைசியாகப் போன மெசேஜ்.

'அண்ணாச்சி, குப்பி மாத்தினதுக்கு நாலு லட்சம் பத்தாது. உரிச்ச லேபிள் எங்கிட்ட இருக்கு. இன்னும் நாலு வேணும்.'

"நம்பரு ஆஃப். சிம்மு செத்துப்போன எவன் பேர்லயோ இருக்கு. யாரும்மா இந்த அண்ணாச்சி?"

"சார், நம்ம ஜில்லாவுல தராசு வச்சிருக்கவன் எல்லாம் அண்ணாச்சிதான்."

"அதுவும் செரிதான். இது சட்டைப் பையில இருந்துச்சு."

பத்து லேபிள்கள். எல்லாம் 'கு' என்று தொடங்கும் எண்கள். பின்பக்கம் ஒவ்வொன்றிலும் பேனாவால் ஒரு 'தோ' எண்.

ஜெபகுமாரி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

"பாவி... ரத்தத்தயே மாத்திட்டானே!"

"வெளங்கும்படியா சொல்லும்மா."

"தோவாளைப் பக்கம் வயித்துப் பிள்ளையோட பூ கெட்டுதவங்க ஏராளம் சார். நார எச்சில் தொட்டுத்தான் முடிச்சு போடுவாங்க. பூவுல அடிச்ச மருந்து கையில, கையில இருந்து வாயில... கருவுக்குள்ளயும் போவுதாண்ணு பாக்கத்தான் இந்த ஆய்வு. தோவாளையில எம்பது தாய்மாரு, பூ மருந்தே இல்லாத குலசேகரத்துல எம்பது. பிரசவத்தண்ணைக்கு கொடியில இருந்து ரத்தம் எடுத்து வச்சோம்."

"பேரு கெடையாதா?"

"நம்பர் மட்டுந்தான். தோ-ண்ணா தோவாளை. கு-ண்ணா குலசேகரம். பேரு இந்த ரெஜிஸ்தர்ல மட்டும். மொதல் தவணையா, எம்பதுல ஏதோ பத்து தோவாளைக் குப்பியை பெங்களூருக்கு அனுப்பியாச்சு. பத்தும் சுத்தம்ணு வந்தா பணம் குடுக்கவன் ஆய்வையே நிறுத்திருவான். மருந்தடி நிக்காது. தோவாளையில இப்பவும் வேற நாப்பது பேரு முழுகாம இருக்காங்க சார்... வீடு வீடா போயி நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"அப்பம் பெங்களூருக்குப் போன பத்தும்..."

"குலசேகரத்து ரத்தம்! லேபிள் மட்டும் தோவாளை!"

செல் அலறியது.

பெங்களூரிலிருந்து டாக்டர் நந்தனா. ஆய்வின் தலைவி.

"ஜெபா, ரிப்போர்ட் வந்திருக்கு. ஒன்பது சுத்தம். ஆனா தோ-பதினாலு... அந்த மெஷினே இவ்வளவு மருந்தைப் பாத்தது இல்லையாம்!"

ஜெபகுமாரி லேபிள்களைப் புரட்டினாள். பின்பக்கம் பதினாலு... முன்பக்கம் கு-31. ரெஜிஸ்தரைத் திறந்தாள். விரல் ஒரு பெயரில் போய் நின்றது.

ரெஜிஸ்தரை மூடி வைத்தாள்.

"சார்... ஒரே ஒருத்தரை இங்க கூப்பிடுதேன். நீங்க பக்கத்து ரூமுல நில்லுங்க. சஜின் எங்கிட்ட ஒரு கவர் குடுத்தாம்ணு பொய் சொல்லப்போறேன்."

"ஆளு உன்னையும் போட்டுருவான், பிள்ளே!"

"அதுக்குத்தான் நீங்க."

மூன்று மணி. சஜினின் உடல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. வெளியே வெயில் தகித்தது. மாடிப்படியில் செருப்புச் சத்தம்... நிதானமாக... ஒவ்வொரு படியையும் விலை கேட்டுக்கொண்டே ஏறுவது போல.

கிருஷ்ணமணி அண்ணாச்சி. தோவாளைக்கே பூ மருந்து விற்கும் ஒரே பூச்சிமருந்துக் கடை. கீழே குடோன், மேலே வீடு. வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பிளாஸ்க்!

"கேள்விப்பட்டதும் ஈரக்கொலை நடுங்கிட்டு மக்கா. பாவம், சின்னப் பய! நீ ஒண்ணும் தின்னிருக்க மாட்ட. சுக்குக் காப்பி. வீட்ல போட்டது. குடி."

கப்பில் ஊற்றி நகர்த்தினார். ஆவி பறந்தது.

ஜெபகுமாரி கப்பைக் கையில் எடுத்தாள். சூடு.

"பேரன் எப்பிடி இருக்கான் அண்ணாச்சி?"

அவர் முகம் ஒரு கணம் உண்மையாகவே வாடியது.

"அஞ்சு மாசமாச்சு. இன்னும் கழுத்து நிக்கல. திருவனந்தவரம் வரைக்கும் தூக்கிட்டு அலைஞ்சாச்சு. ஒருத்தனுக்கும் காரணம் தெரியல... செரி, அந்தக் கவரு? என்ன வேணும் உனக்கு? மூணு தாரேன்."

"மூணா?"

"மூணரை. அதுக்கு மேல கட்டுப்படியாவாது. மொதல்ல காப்பியக் குடி, ஆறிரப்போவுது."

ஜெபகுமாரி கப்பை உதட்டருகே கொண்டுபோனாள்.

நிறுத்தினாள். மேஜையில் வைத்தாள்.

"பெங்களூரு ரிப்போர்ட் வந்துட்டு அண்ணாச்சி. தோவாளை பதினாலாம் நம்பர்ல ரத்தம் முழுக்க உங்க பூ மருந்து."

"சும்மா கெட!" கிருஷ்ணமணி மேஜையில் அறைந்தார். "பதினாலா? அதெப்பிடி கூடும்? அது குலசேகரத்து ரத்தம்லா!"



தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் எட்டியது.

பக்கத்து ரூம் கதவு திறந்தது.

"வாங்கின சரக்கு எந்த ஊருண்ணு கறாரா ஞாபகம் வச்சிருக்கிய அண்ணாச்சி!" என்றார் கிளீட்டஸ். "நாங்களே பதினோரு மணிக்குத்தான் கண்டுபிடிச்சோம்."

கிருஷ்ணமணி பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

"அது குலசேகரத்து ரத்தந்தான்," என்றாள் ஜெபகுமாரி. "ரெஜிஸ்தர்ல புருசன் வீட்டு விலாசத்தத்தான் எழுதுவோம். தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாசமே பொண்ணு அம்மை வீட்டுக்கு வந்திருவாண்ணு நாங்களும் யோசிக்கல... நீங்களும் யோசிக்கல."

"எ... எந்தப் பொண்ணு?"

"உங்க மக சுபிதா. பிரசவம் வரைக்கும் மூணு மாசம் உங்க குடோனுக்கு மேல படுத்துக் கெடந்தா. கீழ நீங்க மருந்து கலக்குவிய... மேல அவ மூச்சு விடுவா."

பெரிய மனிதர் பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பேரன்..."

"காரணம் இப்பம் தெரிஞ்சிட்டு. சுபிதாவுக்கு போன் பண்ணிட்டேன். பிள்ளையத் தூக்கிட்டு அந்த வீட்ட விட்டு எறங்கிட்டா. டாக்டரம்மா நாளைக்கே பாப்பாங்க."

கிருஷ்ணமணியின் கை திடீரென்று பாய்ந்தது... மேஜையில் இருந்த சுக்குக் காப்பியை நோக்கி!

கிளீட்டஸ் முந்திக்கொண்டார்.

"அது சாட்சி அண்ணாச்சி. குடிக்கப்படாது."

விலங்கு கிளிக்கென்றது.

"பிள்ளே, உன் ஆய்வு நின்னுருமா?" என்று கேட்டார் கிளீட்டஸ்.

"எப்பிடி நிக்கும்? ஃபிரீசர்ல தோவாளைக் குப்பி இன்னும் எழுவது இருக்கு சார். பூட்டு மட்டும் மாத்தணும்."

படியிறங்கும்போது கிருஷ்ணமணியின் உதடுகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தன. கணக்காகத்தான் இருக்கும் என்று கிளீட்டஸுக்குத் தோன்றியது. தோளில் தட்டினார்.

"வீணா மண்டையக் கொழப்பாண்டாம், நான் கூட்டிச் சொல்லுதேன். கொலை ஒண்ணு, வாங்கின குப்பி பத்து. அதுல ஒம்பது சுத்தம்... ஒண்ணு சொந்தம்!"