முன்வரிசையில் பக்கத்து இருக்கை

பஸ் என்னை இறக்கிவிட்டபோது மழை நின்றிருந்தது. தெரு மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை. விடியவில்லை. இரவு முழுவதும் ஆஸ்பத்திரி வராந்தாக்களைத் துடைத்துவிட்டு நேராக வந்திருந்தேன். கையில் பிளீச்சிங் வாடை. எங்காவது உட்கார்ந்தால் போதும் என்று கால்கள் கெஞ்சின.

மார்கிரேவ் தியேட்டரின் பக்கத்துச் சந்தில்தான் வரிசை நிற்கும். முன்வரிசை இருக்கைகளை மட்டும் அன்றன்று காலையில், கவுன்ட்டர் திறந்ததும், மலிவாகக் கொடுப்பார்கள். ஆளுக்கு இரண்டு, அதற்கு மேல் கிடையாது. மேடையை அவ்வளவு ஒட்டி உட்கார்ந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், நடிகர்களின் எச்சில்கூடத் தெறிக்கும் என்று காசுள்ளவர்கள் அந்த வரிசையைத் தொட மாட்டார்கள்.

எனக்கு அந்த வரிசைதான் வேண்டும். அம்மாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. சில அடிகளுக்கு அப்பால் எல்லாமே புகை. கோடைக்குள் அந்தப் புகையும் இருட்டாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த இசை நாடகத்தின் பாட்டுகளை ரேடியோவில் கேட்டுக் கேட்டு, பாத்திரம் கழுவும்போதெல்லாம் கூடவே பாடுவாள்.

"ஒரே ஒரு தடவை, அந்தப் பொண்ணு கடைசிப் பாட்டு பாடறப்போ அவ முகத்தைப் பாத்துட்டேன்னா போதும், செல்லம்" என்பாள்.

அன்று மதியக் காட்சியோடு நாடகம் லண்டனை விட்டுப் போகிறது. எனக்கு இருந்தது அந்த ஒரு காலைதான்.

எனக்கு முன்னால் இரண்டே பேர். முதலில் ஒரு பெரியவர். மடக்கு ஸ்டூலில், கம்பளிக் குல்லாயை மூக்குவரை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்து, பச்சைக் கோட்டு போட்ட ஒரு பெண்மணி. கோட்டு முழுக்க நனைந்திருந்தது. நனைந்த கம்பளியின் வாடை, அதோடு பழைய முகப்பவுடரின் வாடை. நான் போய் அவள் பின்னால் நின்றேன்.

அவள் திரும்பினாள். சந்து விளக்கு அவளுக்குப் பின்னால் இருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை.

"ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் என் இடத்தைக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

வரிசையில் நிற்கிற யாரும் யாரிடமும் கேட்பதுதான். முடியாது என்று சொல்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. எனக்குப் புது ஆட்களிடம் பேச்சும் வராது. தலையாட்டினேன்.

அவள் என்னைத் தாண்டிச் சந்தின் முனைப்பக்கம் போனாள்.

ஈரத் தரையில் காலடிச் சத்தமே கேட்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

மெல்ல மெல்லப் பின்னால் ஆள் சேர்ந்தது. கல்லூரிப் பிள்ளைகள், ஒரு கணவன் மனைவி, எல்லார் காதிலும் ஹெட்போன். வானம் அழுக்குத் துணி நிறத்துக்கு வெளுத்தது. அவள் வரவில்லை. சொன்னபடி ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு முன்னால் இடம் விட்டு நின்றேன். அந்த இடத்திலிருந்து குளிர் வந்தது. ஐஸ் பெட்டியின் கதவைத் திறந்து வைத்ததுபோல, என் முட்டி உயரத்தில் அது நின்றுகொண்டிருந்தது.

பெரியவர் விழித்துக்கொண்டு கொட்டாவி விட்டார்.

"ஏம்மா, இவ்வளவு தள்ளி நிக்கிற? என் மேல நாத்தம் அடிக்குதா?"

"இல்ல சார். இங்க ஒருத்தங்க நின்னாங்க. இடத்தைப் பாத்துக்கச் சொல்லிட்டு டீ குடிக்கப் போயிருக்காங்க."

கொட்டாவி பாதியில் நின்றது. குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பச்சைக் கோட்டா?"

"ஆமா."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. தலையாட்டினேன்."

பிறகு அவர் செய்த காரியம்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, முதுகு குலுங்கக் குலுங்க உட்கார்ந்திருந்தார். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"நாலு வருஷம்" என்றார். "நாலு வருஷமா தினமும் அவ எனக்குப் பின்னாடி நிக்கிறா. பின்னாடி வர்றவங்க கிட்டயெல்லாம் கேட்டுப் பாக்கறா. எவன் காதுல விழுது? எல்லாரும் எதையாவது செருகிக்கிட்டு நிக்கிறாங்க. உனக்கு ஒரு ஹெட்போன் வாங்க வக்கில்லையா, பொண்ணே?"

"யார் சார் அவங்க?"

"யாருக்குத் தெரியும்? இந்தத் தியேட்டருக்குப் பழையவ. நானும் உன்னை மாதிரித்தான் மரியாதைக்காரன். சரிம்மான்னு சொல்லித் தொலைச்சேன். வேற யாராவது சரின்னு சொல்ற வரைக்கும் அவ என் பொறுப்பு." அவர் குரல் தாழ்ந்தது. "அவளுக்கு இந்த வரிசையில நிக்கிற இடம் வேணாம்மா. உள்ள ஒரு இடம் வேணும். நீ வாங்கற ரெண்டுல ஒண்ணு அவளோடது. பக்கத்து சீட்டைக் காலியா விட்டுடணும். பயப்படாத, ஒண்ணும் பண்ண மாட்டா. நாடகத்தைப் பாப்பா, போயிடுவா."

"விடலைன்னா?"

"ஒருநாள் என் சம்சாரத்தை அந்த சீட்ல உக்கார வச்சேன்." அவர் ஸ்டூலை மடக்கினார். "குளிருதுன்னு சொன்னா. வீட்டுக்கு வந்தும் குளிருதுன்னு சொன்னா. ஜூலை மாசம் அது. மூணு போர்வை போட்டேன். அடக்கம் பண்ற அன்னிக்கும் அவ கையைத் தொட்டுப் பாத்தேன். அந்தக் குளிர் வேற மாதிரிம்மா."

எழுந்து நின்றார். தியேட்டர் சுவரை ஒருமுறை பார்த்தார்.

"இன்னியோட நாடகம் முடியுது. உனக்கு ஒரு மத்தியானம்தான். கொடுத்து வச்சவ நீ." ரெண்டடி போனவர் திரும்பினார். "கேட்டா தலையாட்டக் கூடாது. 'நீங்க நில்லுங்க, நான் டீ வாங்கிட்டு வர்றேன்'னு சொல்லணும். அவ்வளவுதான். வேற யார்கிட்டயாவது கேட்டாலும் அப்படிச் சொல்லச் சொல்லு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. மன்னிச்சுக்கோ."

டிக்கெட் வாங்காமலேயே போய்விட்டார். அவ்வளவு வயதான மனிதர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

இப்போது எனக்கு முன்னால் யாரும் இல்லை. அந்தக் காலி இடமும் கவுன்ட்டர் ஜன்னலும்தான்.

"ஹலோ, முன்னாடி போங்க!" பின்னாலிருந்து ஒரு பையன் கத்தினான். "நடுவுல என்ன, பூனை படுத்திருக்கா?"

ஒரு அடி எடுத்து வைத்துப் பார்த்தேன். ஷூ நுனி அந்த இடத்தைத் தொட்டதும் கால்விரல்கள் மரத்துப்போயின. பின்வாங்கினேன்.

ஜன்னல் திறந்தது. நெக்லஸ்போலக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த பெண்மணி எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டா, தங்கம்? பக்கத்துப் பக்கத்துலயா?"

"மூணு... மூணு கிடைக்குமா?"

"மூணா! கேக்கறா பாரு. கடைசி நாள், ஆளுக்கு ரெண்டுதான். ஏன் அங்கேயே நிக்கிற? நான் கடிச்சிடுவேனா?"

காலி இடத்துக்கு மேலாகக் கையை நீட்டிப் பணத்தைக் கொடுத்தேன். டிக்கெட்டை வாங்கிக் கையை இழுத்தபோது, முழங்கைவரை என் கோட்டு நனைந்திருந்தது.

மழை பெய்யவில்லை.

அம்மாவை அழைத்துப் போகாமல் விட்டுவிடலாமா என்று பஸ் முழுக்க யோசித்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா ஏற்கெனவே நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு, உதட்டுச் சாயத்தைக் கொஞ்சம் கோணலாகப் பூசிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக் காத்திருந்தாள்.

"கிடைச்சுதா, எல்சி?"

"கிடைச்சுது, அம்மா."

அவள் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் வேறு எதையும் சொல்ல முடியவில்லை. ஒரு மத்தியானம்தானே. பக்கத்து இருக்கையைக் காலியாக விட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது என்றுதானே அந்தப் பெரியவர் சொன்னார். பயமுறுத்துவானேன் என்று அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை.

தியேட்டரில் அவளை முன்வரிசை ஓரத்தில் உட்கார வைத்தேன். "முன்னாடி ஒண்ணுதான்மா கிடைச்சுது. நான் பின்னாடி இருக்கேன். முடிஞ்சதும் நீ எழுந்திருக்காத, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"நீ பின்னாடியா? பாவம், உனக்கு ஒண்ணும் தெரியாதே" என்று வருத்தப்பட்டாள். மேடை விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தாள். "இவ்வளவு கிட்டயா!"

பக்கத்து இருக்கை மேலே மடிந்து காலியாக இருந்தது. ஆள் எழுந்தால் தானாக மடிந்துகொள்கிற ஸ்பிரிங் வைத்த இருக்கைகள் அவை.

நான் வெளிக்கூடத்துக்கு வந்து கதவோரம் நின்றேன். டிக்கெட் கிழிக்கும் மார்சியா என்பவள் என்னைப் பார்த்துவிட்டு, "என்ன பொண்ணே, காசு கொடுத்து வாங்கிட்டு வெளியில நிக்கிற? பாட்டு அவ்வளவு மோசமா?" என்றாள். எனக்குத் தலை சுற்றுவதாகச் சொன்னேன். நிஜமாகவே சுற்றியது. அவள் தன் ஸ்டூலைத் தள்ளிவிட்டாள்.

சுவர் வழியாக வந்த பாட்டில் கண் செருகியது. இடைவேளைக்குச் சற்று முன்னால் விழித்து, கதவிலிருந்த சிறு கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மேடை வெளிச்சத்தில் முன்வரிசை தெரிந்தது. அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் யாருமில்லை.

ஆனால் அந்த இருக்கை மடிந்திருக்கவில்லை.

கீழே அழுந்தியிருந்தது.

இடைவேளையில் உள்ளே போக எழுந்தேன். கூட்டம் கதவை அடைத்துக்கொண்டு வெளியே வந்தது. நெருக்கத்தில் என்னால் நகர முடியவில்லை. அந்தக் கூட்டத்துக்குள் எங்கோ ஒரு கணம், நனைந்த கம்பளி வாடை என்னைத் தாண்டி வெளியே போயிற்று. நான் நுழைவதற்குள் மணி அடித்து, விளக்கை அணைத்துவிட்டார்கள்.

மறுபடி கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இருக்கை மடிந்திருந்தது.

போய்விட்டாள். அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். கடைசிப் பாட்டு வந்தபோது, அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் உதடுகள் கூடவே அசைந்தன. பாடுகிறவளின் முகம் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. கால் வலியெல்லாம் மறந்துபோயிற்று.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பாத்தேன் செல்லம். பல்லு, நெத்தி வேர்வை, எல்லாம் பாத்தேன். இனிமே இருட்டினா இருட்டட்டும்."

பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் தன் கைப்பையை வைத்தாள். நான் அதை எடுத்துவிட்டு உட்காரப் போனேன்.

"எடுக்காத. நீ கொஞ்சம் நின்னுக்கோ."

"ஏம்மா? கால் உடையுது எனக்கு."

"பக்கத்துல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க. நல்ல மனுஷி. கை ஐஸ் மாதிரி இருந்துச்சு, நான்தான் பிடிச்சுத் தேச்சு விட்டேன். இடைவேளைல எழுந்து, 'கொஞ்சம் வெளியில போயிட்டு வர்றேன், என் இடத்தைப் பாத்துக்கறீங்களா'ன்னு கேட்டாங்க."

பஸ் கிளம்பியது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ என்னம்மா சொன்ன?"

"என்ன சொல்வாங்க? பாத்துக்கறேன்னு சொன்னேன். அவங்க திரும்பி வரவே இல்ல, பாவம்."

கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பெரியவர் எனக்குச் சொல்லியிருந்தார். நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

வீடுவரை நின்றுகொண்டே வந்தேன். வீட்டில் எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு சோபா, இரண்டு பேர் உட்காரக்கூடியது. அம்மா ஒரு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள். நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் பக்கம் போனேன்.

அம்மா கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தாள்.

"அங்க வேணாம் செல்லம்."

காலியாக இருந்த அந்தப் பாதியைப் பார்த்து, கிழவர் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். "நீங்க நில்லுங்க. நான் டீ கொண்டு வர்றேன்."

அம்மா சிரித்தாள். நான் தன்னோடு பேசவில்லை என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"நிக்கச் சொல்லாதே, பாவம். எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காங்க. ரெண்டு கப்பாக் கொண்டு வா."

அடுப்படியில் நின்று தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மா மெதுவாகக் கடைசிப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி, "ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வை எல்சி, குளிருது" என்றாள்.

இரண்டு கப்புகளோடு திரும்பி வந்தேன்.

அம்மாவின் கை சோபாவின் அடுத்த பாதியில், எதையோ பொத்திப் பிடித்ததுபோல மூடியிருந்தது.

மெத்தை அழுந்தியிருந்தது. அதைச் சுற்றி ஈரம் பரவிக்கொண்டிருந்தது.