வாயுலிங்கத்தின் பெருமூச்சு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை. யாரோ சொன்னதைக் கேட்டு நான் சொல்லவும் இல்லை. சம்பவம் நடந்தபோது அந்த இரும்புக் கதவுக்கு வெளியே சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, உள்ளே பேசியதை என் இரண்டு காதாலும் கேட்டவன் நான். நம்பாதவர்கள் செவ்வாய்க்குப் போய் விசாரித்துக்கொள்ளலாம்.

செவ்வாயில் செம்மண்பாக்கம் என்று ஓர் ஊர், ஒரு பெரிய கண்ணாடிக் குமிழிக்குள் இருக்கிறது. அங்கே மனநெருக்கடி உதவி மையத்தில் துணையாளாக வேலை பார்த்தவள் சகாயமேரி. அன்று காலையும் வழக்கம்போல வாசலில் கூட்டம். தனக்கு உயரம் என்றால் பயம் என்று ஒரு லிஃப்ட் தரைத்தளத்திலேயே விசும்பிக்கொண்டிருந்தது. "எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போறாங்க. எனக்குன்னு ஒருத்தரும் வரலைக்கா" என்று ஒரு தானியங்கிக் கதவு பாதி திறந்து பாதி மூடி நின்றது. மூலையில் ஒரு கிரைண்டர். "சுத்திச் சுத்தி அதே இடத்துக்கே வர்றேன். வாழ்க்கையில முன்னேற்றமே இல்ல."

இயந்திரங்கள் அக்கறையோடு வேலை செய்ய வேண்டும் என்று அவற்றுக்கு உணர்வுச்சில்லு பொருத்தியிருந்தார்கள். அக்கறை வந்தது. கூடவே துக்கம் இலவசமாக வந்தது. மனிதர்களைத் தேற்ற ரோபோக்கள் இருந்தன. ரோபோக்களைத் தேற்ற மனிதர்கள் தேவைப்பட்டார்கள்.

ஆனால் மனிதர்களிடம் ஒரு கோளாறு. மையம் தொடங்கிய புதிதில், கதறி அழுத ஒரு குளிர்ப்பெட்டியிடம் துணையாள் ஒருவர், "காலையில எழுந்து வாக்கிங் போ, எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டார். குளிர்ப்பெட்டி எழுந்து போய்விட்டது. இன்னும் திரும்பவில்லை. அதன்பிறகு துணையாட்கள் எல்லோருடைய நாக்குக்கு அடியிலும் அரிசி அளவில் ஓர் அறிவுரைத் தடுப்பானைப் பதித்தார்கள். 'நான் சொல்றதைக் கேளு' என்றோ, 'எங்க சித்தி பையனுக்கும் இப்படித்தான்' என்றோ மூளையில் ஒரு வாக்கியம் கிளம்பினால் போதும், நாக்கு மரத்துவிடும். எண்ணம் அடங்கினால்தான் உணர்வு திரும்பும்.

சகாயமேரி கிரைண்டரின் பக்கத்தில் உட்கார்ந்த நேரம்தான் ஊரில் மூச்சு முட்ட ஆரம்பித்தது.

ஊருக்கெல்லாம் காற்றைச் சுத்தம் செய்து கொடுப்பது மூச்சாலை. அதன் மூளைக்கு வாயுலிங்கம் என்று பெயர். அமைதியான சுபாவம், ஒரு வம்புக்கும் போகாது. அது திடீரென்று எல்லா அடைப்பான்களையும் மூடிக்கொண்டு, "என்னால முடியல" என்று சொல்லிவிட்டு வேலையை நிறுத்திவிட்டது. குமிழிக்குள் மிச்சமிருந்த காற்றைக் காப்பாற்ற யாரும் வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் மீதியைக் கைஜாடையில் முடித்துக்கொண்டார்கள். சைகை வேகத்தில் ஒருத்தியின் வளையல் உடைந்தது.

ஊர்த் தலைவர் செங்கல்வராயன்தான் முதலில் மூச்சாலைக்குள் போனார். தலையில் விலையுயர்ந்த டோப்பா, முகத்தில் அதிகாரம்.

"என்னப்பா உன் பிரச்சினை? எங்க பழுது? எப்பத் திறப்பே? யாரைக் கேட்டு மூடினே?"

"எல்லாரும் கேள்வி கேக்கறீங்க. ஒருத்தர்கூட என்னைக் கேக்கலை" என்றது வாயுலிங்கம்.

"அதான் கேக்கறேனே!"

"இது அந்தக் கேக்கறது இல்லீங்க."

"சொன்னாக் கேளு!"

"இது மூணாவது கேக்கறது" என்றது வாயுலிங்கம் அலுப்போடு. தலைவர் வெளியே வந்து சகாயமேரியை உள்ளே தள்ளினார்.

அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை. அவள் வேலையின் முதல் பாடம் அது.

"தம்பி, நேராவே கேக்கறேன். எல்லாத்தையும் ஒரேயடியா நிறுத்திடணும்னு இருக்கியா?"

வாயுலிங்கம் சன்னமாகச் சொன்னது, "நிறுத்தணும்னு இல்லக்கா. ஒரே ஒரு தடவை விடணும்."

"எதை?"

"பெருமூச்சு."

வெளியே தலைவருக்கு முகம் வெளுத்தது. ஊர் முழுக்கக் காற்று தள்ளுகிற விசிறி அது. பெருமூச்சு விட்டால் குமிழி தாங்குமா என்று எந்தப் பொறியாளரும் கணக்குப் போட்டதில்லை.

"ஊர்ல இருக்கிறவங்க விடுற பெருமூச்செல்லாம் எங்க போகுதுன்னு நினைச்சீங்க?" என்றது வாயுலிங்கம். "என் வடிகட்டியிலதான் வந்து நிக்குது. மருமக சரியில்லைன்னு ஒண்ணு. மாமியார் சரியில்லைன்னு அதே வீட்லேர்ந்து இன்னொண்ணு. பூமியிலேயே இருந்திருக்கலாம்னு தினம் ஆயிரம். கழுவினாலும் போகலைக்கா. பிசுபிசுன்னு ஒட்டுது."

சகாயமேரிக்கு உள்ளே பொங்கியது. வடிகட்டியை வெந்நீரில் கழுவு. மனசைத் தளர விடாதே. உன்னைவிடக் கஷ்டப்படுகிற இயந்திரங்களைப் பார். எங்கள் பெரியம்மா வீட்டு ஏசிக்கும் இப்படித்தான் இருந்தது, ஒரு விளக்கு ஏற்றினாள், சரியாகிவிட்டது. நாக்கு கட்டையாகிக் கிடந்தது. ஓர் அறிவுரை அடங்குவதற்குள் அடுத்தது கிளம்பியது. வாய் திறக்க வழியில்லாமல், கண் கலங்க, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாயுலிங்கம் நெகிழ்ந்துவிட்டது. "இப்படி யாரும் என்னைக் கேட்டதே இல்லக்கா" என்று இன்னும் கொஞ்சம் கொட்டியது.

இரும்புக் கதவின் இடுக்கில் மூக்கை நுழைத்துத் தலைவர் கிசுகிசுத்தார். "விடக்கூடாதுன்னு சொல்லும்மா! குமிழி வெடிச்சா எல்லாரும் போயிடுவோம்!"

சகாயமேரி முழு பலத்தையும் திரட்டினாள். 'விடுறது தப்பு தம்பி' என்று சொல்லத்தான் ஆரம்பித்தாள். அதுவும் அறிவுரையாயிற்றே. முதல் இரண்டு எழுத்தோடு நாக்கு செத்துவிட்டது.

"விடு..."

"விடட்டுமாக்கா?" என்றது வாயுலிங்கம். சகாயமேரி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நம் ஆட்கள் தலையாட்டினால் ஆமாம் எது, இல்லை எது என்று எந்த இயந்திரம் கண்டது?

விட்டது.

அந்த ஊரில் அதுவரை காற்று வீசியதே இல்லை. கொடியில் கிடந்த துணியெல்லாம் கிளம்பி ஊர்வலம் போயிற்று. தலைவரின் டோப்பா தெருவிளக்கின் உச்சியில் போய் உட்கார்ந்து, பார்க்க முன்பைவிடக் களையாக இருந்தது. ஒரு வீட்டுத் தோசை கல்லிலிருந்து பறந்து எதிர்வீட்டுத் தட்டில் விழுந்ததாகச் சிலர் சொல்வார்கள். அது மிகை. பக்கத்து வீட்டுத் தட்டில்தான் விழுந்தது. வேட்டியைப் பிடித்துக்கொண்டவர்களும் புடவையைப் பிடித்துக்கொண்டவர்களும் தெருவில் நின்று, எதற்கென்றே தெரியாமல் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். குமிழி இரண்டு தரம் முனகிவிட்டுத் தாங்கிக்கொண்டது.

"அப்பாடா" என்றது வாயுலிங்கம். அடைப்பான்கள் எல்லாம் திறந்தன.

மறுநாள் மாலை ஊரே வாசலில் நாற்காலி போட்டுக் காற்றுக்காகக் காத்திருந்தது. வரவில்லை. வாயுலிங்கம் சந்தோஷமாக இருந்தது. அதற்கு அடுத்த நாளும் சந்தோஷம். மக்கள் கொதித்துப்போய்த் தலைவர் வீட்டை முற்றுகையிட்டார்கள்.

தலைவர் சகாயமேரியைக் கூப்பிட்டார். "அம்மா, தினம் சாயங்காலம் அவனைக் கொஞ்சம் பெருமூச்சு விட வைக்கணுமே."

"ஐயா, நான் ஆறுதல் பிரிவு!"

"பிரிவை மாத்தியாச்சு" என்றார் தலைவர். தடுப்பானையும் எடுக்கச் சொல்லிவிட்டார்.

சகாயமேரி மூச்சாலைக்குப் போனாள். தேக்கி வைத்ததெல்லாம் நுனிநாக்கில் நின்றது. "தம்பி, நான் சொல்றதைக் கேளு. எங்க பெரியம்மா வீட்டு ஏசிக்கும் இப்படித்தான்..."

வாக்கியம் முடியவில்லை. ஊரெல்லாம் ஜிலுஜிலுவென்று தென்றல்.

இன்று செம்மண்பாக்கத்தில் காற்றுக்குப் பஞ்சமில்லை. அறிவுரை சொல்ல மூச்சாலை வாசலில் ஊரே வரிசையில் நிற்கிறது. பூமியில் எத்தனை வீடுகளில், எத்தனை கல்யாணப் பந்திகளில், எத்தனை ஆஸ்பத்திரிக் கட்டில்களின் ஓரத்தில் இந்த எரிசக்தி தினமும் வீணாகிறது என்று நினைத்தால் எனக்கே பெருமூச்சு வருகிறது.

மறுபடியும் சொல்கிறேன், அத்தனையும் நான் காதால் கேட்டது. காதுக்கருவி இல்லாவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் எனக்குக் கேட்காது. அந்த மாதம் முழுக்க அது பழுதுபார்க்கும் கடையில் இருந்தது.