அடுத்த சங்கத்தில் போட்ட தூக்கம்

“உங்க கணக்குல நாப்பத்தாறு மணி நேரம் இருக்குக்கா. எவ்வளவு எடுக்கிறீங்க?”

“ஆறு.”

“ஆறு இருக்குமான்னு அலமாரியப் பார்க்கணும். உட்காருங்க, கூப்பிடுறேன்,” என்றாள் கவுண்டரில் இருந்த ஹரிணி.

மணவாடி பூ வியாபாரிகள் துயில் கூட்டுறவுச் சங்கத்தில், மதியம் ஒன்றே காலுக்கு, மகிழினி உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். தாகம் இல்லை, சும்மா குடித்தாள். மறுபடி உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

இரண்டரை மணிக்குப் பக்கத்துப் பணிமனையில் அவளுக்கு விழிப்புச் சோதனை. பேருந்து ஓட்டுகிறவர்கள் வண்டி எடுக்கும் முன் விழிப்புமானியில் நெற்றியை வைக்க வேண்டும். அறுபதுக்குக் கீழே காட்டினால் சாவி கிடையாது. இரண்டு முறை கீழே காட்டிவிட்டது. மூன்றாவது முறையும் காட்டினால் டயர் கிடங்கில் சீட்டு எழுத உட்காரவைத்துவிடுவார்கள், நிரந்தரமாக. பதினாறு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவள். அதைத் தவிர வேறெதுவும் அவளுக்கு ஒழுங்காக வந்ததில்லை. வேறெதையும் அவள் விரும்பியதும் இல்லை.

தூக்கத்தைச் சேமித்துவைக்கலாம் என்று கண்டுபிடித்தவர்கள் அதை முதலில் மருத்துவமனைகளுக்குத்தான் கொடுத்தார்கள். அங்கிருந்து சங்கத்துக்கு வர ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. நம் ஆட்கள் கையில் எது கிடைத்தாலும் அதற்கு ஒரு சங்கம் வைத்து, தலைவர், செயலாளர், பொருளாளர் போட்டு, பொதுக்குழுவில் சண்டையும் போட்டுவிடுவார்கள். லீவு நாளில் சங்கத்துக்குப் போய், தலையில் துயிலீர்ப்பியை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் தூங்க வேண்டும். அந்தத் தூக்கம், அதன் கனவோடு சேர்ந்து, ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் போய்விடும். தூங்கியவர் தூங்காதவரைப் போலச் சிவந்த கண்ணோடு வீட்டுக்குப் போவார். கணக்கில் எட்டு மணி ஏறியிருக்கும். அவசரத்துக்கு வந்து துயிலூட்டி நாற்காலியில் இருபது நிமிஷம் சாய்ந்தால் போதும், முழு இரவு தூங்கிய தெம்பு. ஆனால் போட்டதே திரும்பி வராது. அலமாரியில் எது முன்னால் இருக்கிறதோ அதுதான் வரும்.

மகிழினியின் சொந்தச் சங்கம் செவலூரில், நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளி. பேருந்துத் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கியது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு குப்பியின் கழுத்திலும் போட்டவர் பெயரைச் சீட்டில் எழுதி நூலால் கட்டிவைப்பார்கள். செயலாளர் ஜெபராஜ் குப்பியை எடுத்துக் கொடுக்கும்போதே, “நம்ம ரியாஸ் போட்டதும்மா. நல்ல மழை பெஞ்ச அன்னிக்கு வந்து படுத்தான். அசந்து தூங்கினான்” என்பார். மறுநாள் ரியாஸைப் பார்த்தால், “அண்ணே, உங்க தூக்கம் பிரமாதம்” என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு முகம் வாடிவிடும். பெயர் கட்டித் தொங்கும் இடத்தில் யாரும் கெட்ட தூக்கத்தைப் போட மாட்டார்கள். வீட்டில் சண்டை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த வாரம் சங்கத்தின் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள்.

பிறகு கூட்டுக் கிளைத் திட்டம் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு சங்கங்கள் கைகோத்தன. எந்தச் சங்கத்து உறுப்பினரும் எந்தச் சங்கத்தின் கிளையிலும் தூக்கம் போடலாம், எடுக்கலாம். ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கு அது வரமாக இருந்தது. மகிழினியே இனிப்பு வாங்கிக் கொடுத்தாள். ஒரே ஒரு மாற்றம்தான். வெளிச்சங்கத்து ஆள் போட்ட குப்பியில் பெயர் இருக்காது, மணிக்கணக்கு மட்டும் இருக்கும். முன்பின் தெரியாதவர் பெயரை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப்போகிறார்கள்?

போன பங்குனியில், ஆத்துமேட்டுத் திருப்பத்தில், சைக்கிளில் பால்கேன் கட்டிய ஒரு பெரியவர் சட்டென்று குறுக்கே வந்தார். மகிழினி பிரேக்கை மிதித்தாள். பிடிக்கவில்லை. மறுபடி மிதித்தாள். பிடிக்கவில்லை. மூன்றாவது மிதியில் பிடித்தது. ஒரு சாண் இடைவெளி. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்த முதல் இரண்டு மிதி மட்டும் வந்தது. மூன்றாவது வரவேயில்லை.

அந்தத் தூக்கத்தைச் செவலூரில் போட அவளுக்கு வெட்கம். வெளியூர்க் கிளையில் போட வெட்கம் இல்லை. போகிற வழியில் இங்கே ஒன்று, அங்கே ஒன்று, பதினோரு குப்பி போட்டாள். மணவாடியிலும் இரண்டு. போட்டுவிட்டுச் செவலூர் போய் ரியாஸின் மழைத் தூக்கத்தை எடுத்துக்கொண்டாள். மனசு உறுத்தத்தான் செய்தது. யாரோ எவரோ, ஒரு நாள் கெட்ட கனவு கண்டால் என்ன குடிமுழுகிப்போகும் என்று உறுத்தலை அடக்கிவிட்டாள்.

செவலூர்த் தூக்கத்தின் பெருமை பரவி இருநூறு சங்கத்து ஆட்களும் அங்கே வந்து எடுத்துவிட, அந்த அலமாரி காலியாகி ஒரு மாதம் ஆகிறது. அதனால்தான் இன்று மணவாடி.

“நீங்களும் எடுக்க வந்தீங்களாம்மா?”

பக்கத்தில் அறுபது வயதுக்காரர் ஒருவர், மடியில் மல்லிகைக் கூடை. பெயர் சதீஷ்பாண்டி, இந்தச் சங்கத்தின் பழைய உறுப்பினர் என்று அவரே சொன்னார். சொல்லும்போது அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. விட்டது. மறுபடி அழுத்தியது.

“கால்ல ஏதும் வலியாய்யா?”

“வலியில்லம்மா. ஆறு மாசமா இது நிக்க மாட்டேங்குது. தூக்கம் எடுத்தா கனவுல எதையோ மிதிக்கிறேன். அது பிடிக்க மாட்டேங்குது. என்னத்த மிதிக்கிறேன்னும் தெரியல. நான் சைக்கிள்கூட ஓட்டுனதில்ல.”

மகிழினியின் கை ஜிப்பில் நின்றுவிட்டது.

“எதுக்க யாரோ ஒரு பால்காரர் வேற வர்றாரு,” என்றார் அவர். “நம்ம ஊர் ஆளும் இல்ல. பாவமா இருக்கும்.”

“இங்க சொல்லலையா?”

“ஹரிணிப் பொண்ணுகிட்ட சொன்னேன். மணி சரியா இருக்குல்லன்னு கேட்டுச்சு. மணி சரியாத்தான் இருக்கு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அப்புறம் நானாத் தூங்குனாலும் அதே கனவுதான். அந்தத் தூக்கத்த நம்ம சங்கத்துலயே போட மனசு வரல. நம்ம சனம் படுமேன்னு. அதனால கல்யாணத்துக்குப் போன எடத்துல, வேற சங்கத்துல போட்டுட்டேன்.”

அப்போதுதான் மகிழினி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பூக்கட்டும் பெண்கள் இருவர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், சீருடையில் ஒரு நர்ஸ். யாரும் யாரோடும் பேசவில்லை. எல்லோருடைய வலது காலும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாமா? சொன்னால் விசாரணை முடியும்வரை கணக்கை முடக்குவார்கள். இரண்டரை மணிக்குச் சோதனை.

“மகிழினிக்கா, வாங்க. ஆறு இருக்கு.”

போனாள். அப்படிப் போனதற்காகப் பின்னால் அவள் தன்னைத் திட்டிக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் கால் தானாகப் போய்விட்டது.

துயிலூட்டி இறங்கியது. ஆத்துமேட்டுத் திருப்பம். பிரேக். பிடிக்கவில்லை. ஆனால் கையில் ஸ்டியரிங்குக்குப் பதில் பூத்தராசு. தட்டில் வாடிக்கொண்டிருக்கும் மல்லிகை. பின் இருக்கையில் திருத்தாத விடைத்தாள் கட்டு, யாருக்கோ ஏற்றாமல் விட்ட குளுக்கோஸ் பாட்டில். அத்தனைக்கும் நடுவே அதே பால்காரர் அவளைப் பார்த்தபடி வருகிறார். அவளுடைய பயம் ஊரெல்லாம் சுற்றி, ஒவ்வொருவர் பயத்தையும் மேலே ஏற்றிக்கொண்டு, வட்டியும் முதலுமாக அவளிடமே வந்திருந்தது.

இருபது நிமிஷம் கழித்து எழுந்தபோது சட்டை நனைந்திருந்தது.

பணிமனையில் நெற்றியை வைத்தாள். விழிப்புமானி தொண்ணூற்றெட்டு காட்டியது. பயந்தவனைவிட விழித்திருப்பவன் யார்? அந்தக் கருவிக்கும் எண் மட்டும்தான் தெரியும். சோதனை அலுவலர் சாவியை நீட்டினார். “பரவால்லம்மா, நல்லாத் தூங்கியிருக்கீங்க.” மேசைக்கு அடியில் அவருடைய வலது கால் அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தது.

மூன்று மணி வண்டி. நாற்பத்திரண்டு பேர். ஆத்துமேடு வழி. இத்தனை மாதம் கெஞ்சிக் கூத்தாடி அந்த வழித்தடத்தைத் தவிர்த்திருந்தாள். இன்று கேட்க வாய் இல்லை. மணவாடி நிறுத்தத்தில் சதீஷ்பாண்டி கூடையோடு ஏறி முன்னிருக்கையில் உட்கார்ந்து, தெரிந்தவளைப் பார்த்த சந்தோஷத்தில் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை.

திருப்பம் வந்தது. புளியமரம், மஞ்சள் கேட், சரிந்த மைல்கல். சாலையில் ஒருவருமில்லை. மகிழினியின் கால் பிரேக்கைத் தொடும் முன்பே பேருந்தின் தரையில் தொம் என்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தாள். பயணிகள் அத்தனை பேரும், இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலால் ஓங்கி மிதித்திருந்தார்கள்.

அவளும் மிதித்தாள். பிடித்தது. வண்டி நின்றது.

“இந்த எடம்,” என்றார் சதீஷ்பாண்டி. “இதான்மா. நான் இங்க வந்ததே இல்ல.”

“நானும் வந்ததில்ல,” என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல். “ஆனா அந்த கேட்டு எனக்குத் தெரியும்.”

பேருந்து முழுக்கப் பேச்சு கிளம்பியது. நாற்பத்திரண்டு பேரும் ஒருவரையொருவர் அப்போதுதான் பார்த்தார்கள். மகிழினி இருக்கையிலிருந்து எழுந்து திரும்பினாள். இதைச் சொன்னால் வேலை போகும் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

“அது என் தூக்கம். என் பேரு மகிழினி. செவலூர் சங்கம். எங்க ஊர்ல போட வெட்கப்பட்டு உங்க ஊர்ல போட்டேன். மன்னிச்சுக்கோங்க.”

திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் திட்டவில்லை. திட்டுகிற யோக்கியதை அங்கே யாருக்கும் இருந்த மாதிரியும் தெரியவில்லை. பாதிப் பேர் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள்.

சதீஷ்பாண்டிதான் கேட்டார். “அந்தப் பால்காரருக்கு என்னம்மா ஆச்சு?”

ஆறு மாதமாக இவர்கள் அந்த மனிதரை ஏற்றிக் கொன்றுவிட்டோமோ என்று பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள். கேட்பதற்கு ஒரு பெயர்கூட இல்லாமல்.

“ஒண்ணும் ஆகல. மூணாவது தடவ பிடிச்சிருச்சு. கேன் கவுந்து பால் கொட்டுச்சு. என்னைக் கண்டபடி திட்டிட்டு சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டாரு.”

“நெசமாவா?”

“சத்தியமா.”

வரிசை வரிசையாகக் கால்கள் தரையிலிருந்து எழுந்தன. வண்டி கிளம்பி ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, முன்னிருக்கையில் குறட்டை கேட்டது. பிறகு பின்னாலும். கருவி இல்லை, குப்பி இல்லை. பட்டப்பகலில் நாற்பத்திரண்டு பேரும் வாய் பிளந்து தூங்கினார்கள். தங்கள் சொந்தத் தூக்கம்.

அடுத்த நிறுத்தம் குளத்தூர் விலக்கு. நிழற்குடையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். மகிழினி கதவைத் திறந்தாள். ஏறும் அவசரத்திலும் ஒவ்வொருவர் வலது காலும் மண்ணை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பின்னால், டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களுக்கும். எதிர்ச் சாலையில் குடைபிடித்துப் போன அம்மாவுக்கும்.

மகிழினி இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.