நெருப்பைப் பார்க்காத தூண்

"ஐயோ... கை! கை!"

கூலியாள் பாப்பம்மாவின் அலறலில் டிரில்லிங் மெஷின் சட்டென்று நின்றது.

கோலார் தங்கவயலில், மைசூர் மைன்ஸ் பக்கத்து இரும்பு உருக்காலை அது. தீ விபத்துக்குப் பிறகு மூடிக் கிடந்தது. வெந்துபோன தூண்களைச் சோதிக்க வந்த இன்ஜினியர் எலைன், உலையை ஒட்டிய ராட்சதத் தூணைச் சுத்தியலால் தட்டினாள். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் கேட்டது. "இத்த உடைங்க" என்றாள்.

உடைத்த இடத்தில்...

விறைத்த விரல்கள்!

இன்ஸ்பெக்டர் மஞ்சுநாத் வந்தார். உடல் வெளியே வந்தது.

சேஃப்டி ஆபீசர் டேவிட்! தீப்பிடித்த வாரத்தில் காணாமல் போனவர்.

"மேனேஜர் மனோகர் வேலைதான் சார் இது!" ரிப்பேர் கான்ட்ராக்டர் நந்தகுமார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த வாரம் ரெண்டு பேருக்கும் கைகலப்பு. ஷிஃப்ட்ல இருந்த எல்லாருமே பாத்தாங்க. தூண் மேல பூரா கரி, பாருங்க. தீப்பிடிக்கறதுக்கு முன்னாடியே உள்ள வச்சுப் பூசிட்டான்."

"மனோகர் எங்கே?"

"தீக்காயம் சார். அன்னிலேர்ந்து கோலார் ஆஸ்பத்திரில கெடக்குறான்."

"கட்டிலோட அரெஸ்ட் பண்றேன்!"

எலைன் மஞ்சுநாத் பின்னாலேயே போய் ஏதோ சொன்னாள். ஜீப் உறுமிக்கொண்டு போனது. வேலையாட்களும் போனார்கள்.

ஷெட்டில் எலைனும் நந்தகுமாரும் மட்டும்.

"அண்ணே, இத்தப் பாருங்க. பக்கத்துத் தூண்ல பேத்தது."

எலைன் நீட்டிய கான்கிரீட் துண்டு இளஞ்சிவப்பாக இருந்தது.

"அதுக்கு இன்னா மேடம்?"

"நல்லா சூடு ஏறுனா இங்க இருக்குற கான்கிரீட் ரோஸ் ஆயிடும். ஆனா இது, டேவிட்டைச் சுத்தி இருந்தது."

இன்னொரு துண்டை நீட்டினாள். வெறும் சாம்பல் நிறம்!

"இது நெருப்பையே பாக்கல."

"க... கரி இருக்குதே?"

"கேஸ் டார்ச் காட்டினா கரி வரும். உள்ள ரோஸ் வராது. தீ அணைஞ்ச அப்புறம் ஊத்துனது இது. அப்ப மனோகர் ஆஸ்பத்திரில. ஷெட் சாவி... உங்ககிட்ட."

தகரக் கூரை காற்றில் படபடத்தது.

"வாய மூடிக்கினு இருந்திருக்கலாம் அவன்." நந்தகுமாரின் குரல் மாறியிருந்தது. "போன தடவை கம்பி வைக்காம பூசிட்டேன். அதனாலதான் தூண் வெடிச்சு, உலை சாஞ்சு, தீப்புடிச்சுதுன்னு கண்டுபுடிச்சிட்டான். ஊருக்கே சொல்றேன்னான்..."

அவர் கை மெல்லப் பக்கத்தில் இருந்த ஹைட்ராலிக் ஜாக்கின் வால்வுக்குப் போனது.

ஜாக் தாங்கிக்கொண்டிருந்தது தலைக்கு மேல் இருந்த கிரேன் உத்தரத்தை. அதற்கு நேர் கீழே... எலைன்!

"அசையாதீங்க மேடம். விபத்துன்னு சொல்லிடுறேன்."

திருகினார்!

புஸ்ஸ்ஸ்... ஜாக் இறங்கியது. உத்தரம்?

இம்மியும் அசையவில்லை.

"மதியமே உத்தரத்தோட லோடை ஸ்டீல் தூணுக்கு மாத்திட்டேண்ணே." சிரிக்கப் பார்த்தாள்.

நந்தகுமார் திரும்பி ஓடினார். வாசலில் மஞ்சுநாத்!

"நீ... நீங்க ஜீப்ல..."

"ஜீப் மட்டும்தான் போச்சு மாராயா!" கன்னடத்து 'மகராசா' கேலியாக வந்தது.

விலங்கு 'க்ளிக்' என்றது. நந்தகுமார் விலங்கைப் பார்த்தார்.

"சார்... ஜெயிலா?"

"பயப்படாதீங்க," என்றார் மஞ்சுநாத். "ஜெயில் சுவரு இடிஞ்சு மேல விழாது... அது நீங்க கட்டினதில்ல!"