கொழுத்த சாட்சி

"அஞ்சு மணிக்கு ஊசி போட ஆள் வருது சார். அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க!"

வாசலிலேயே நின்று அழுதாள் தையல்காரப் பெண். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

பூச்சிக்காரர் நிமிரவில்லை. முப்பது வருடம் கல்லூரியில் பூச்சியியல் சொல்லிக்கொடுத்தவர். பூச்சிகளிடம் அவருக்கு மரியாதை உண்டு. மனிதர்களிடம் அவ்வளவாகக் கிடையாது. மனிதர்களைப் பார்த்தால் அதில் தப்பும் தெரியவில்லை. கூடவே திரியும் மைத்துனர்தான் துள்ளி எழுந்தார்.

"யாருக்கும்மா ஊசி?"

"என் நாய்க்கு. கொல்றதுக்கு."

விஷயம் இதுதான். அவள் கணவனின் அண்ணன் ஒரு மேனேஜர். நேற்றுக் காலை அவர் முழங்காலுக்குப் பின்னால் பெரிய உண்ணி ஒன்று ஒட்டியிருந்தது. இரவு காய்ச்சல். நாய்தான் கொண்டுவந்தது என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

"வீட்டுக்கு வெள்ளையடிச்சாங்கன்னு பத்து நாள் அதை எங்கம்மா வீட்ல விட்டிருந்தேன் சார். முந்தாநாள், திங்கக்கிழமை சாயங்காலம்தான் திரும்பி வந்துச்சு. வந்ததும் வராததுமா பழி."

"உண்ணி எங்கே?"

"பாட்டில்ல போட்டு வச்சிருக்கார். வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டறார்."

"மகா புத்திசாலி" என்று பூச்சிக்காரர் லென்ஸை எடுத்துக்கொண்டார். "கிளம்பு மச்சான்."

வீட்டில் சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை. செருப்பு ஸ்டாண்டில் பளபளவென்று ஒரு ஜோடி ஆபீஸ் ஷூ. பக்கத்தில் சேறு காய்ந்த கான்வாஸ் ஷூ. அதன் கயிற்றில் ஏதோ ஒட்டியிருக்க, கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத மைத்துனர் அதைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மேனேஜர் போர்வை சுற்றிக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தார். அருகில் அவர் மனைவி. பின்வாசலில் கட்டியிருந்த நாய் வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டுத் தூங்கப் போனது. அதற்குச் சோம்பேறி என்று பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை.

"பாருங்க!" மேனேஜர் பாட்டிலை நீட்டினார். "திங்கக்கிழமை ராத்திரி இந்தச் சனியன் சோபாவுக்குக் கீழ படுத்துச்சு. விடிஞ்சா கால்ல இது. தீக்குச்சியால சுட்டுப் பிடுங்கினேன்."

"சுட்டா, வயித்துல இருக்கறதையெல்லாம் கடிவாய்லயே கக்கும். இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா, மெதுவா இழுக்கணும். படிச்சவர்னு சொன்னாங்களே?"

மேனேஜர் முகம் சுருங்கியது.

"சமீபத்துல வெளியே எங்கயாவது போனீங்களா?"

"போன புதன்கிழமை இன்ஸ்பெக்ஷன். நாள் முழுக்க ஏசி ரூம். மத்தபடி வீடு, ஆபீஸ்."

பூச்சிக்காரர் வெகுநேரம் பாட்டிலைப் பார்த்தார். பிறகு நாயிடம் போய்க் காது மடல், விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடி என்று தடவிப் பார்த்தார். கடைசியில் எல்லாரையும் உட்காரச் சொன்னார்.

"எட்டுக் கால். உண்ணிதான், சந்தேகமில்லை. ஆனா உண்ணி என்ன கொசுவா, கடிச்சுட்டு உடனே பறக்க? ஒட்டினா நாள்கணக்குல ஒட்டியிருக்கும். ஒட்டும்போது எள்ளு மாதிரி. இப்படி மொச்சைக்கொட்டையா உப்ப கிட்டத்தட்ட ஒரு வாரம் வேணும். நாய் வந்தது திங்கள் சாயங்காலம், நீங்க பிடுங்கினது செவ்வாய்க் காலை. ஒரே ராத்திரியில இவ்வளவு குடிக்க அது உண்ணியா, அண்டாவா?"

"அத்தான், நாய் போறதுக்கு முன்னாடியே சுவத்துல விட்டுட்டுப் போயிருந்தா?" என்றார் மைத்துனர்.

"அதான்! அதேதான்!" மேனேஜர் நிமிர்ந்தார்.

"சுவரிடுக்குல குடியிருக்கறது நாய் உண்ணி. அதுக்கு முதுகு ஒரே பழுப்பு. இதுக்குத் தலைக்குப் பின்னால இருக்கற கெட்டி ஓட்டு மேல வெள்ளைப் பூவேலை. புல் நுனியில உட்கார்ந்து, உரசிட்டுப் போற காலைப் பிடிக்கிற ஜாதி இது. நாய்மேல ஒண்ணுகூட இல்ல. மச்சான், பையில என்ன?"

மைத்துனர் பெருமையோடு உள்ளங்கையை விரித்தார். புல்விதைகள். "கான்வாஸ் ஷூவுல இருந்துச்சு. ஏசி ரூம்ல புல்லு முளைக்குமா சார்?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த மனிதர் தனக்கு எதிரான சாட்சியைத் தானே மூடி போட்டுப் பத்திரப்படுத்தி, ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறார்!

மேனேஜரின் மனைவி மெதுவாகக் கேட்டாள். "புதன்கிழமை அந்த ஷூவைத்தானே போட்டுட்டுப் போனீங்க? எங்க போனீங்க?"

"ஏரிக்கு... ஃப்ரெண்ட்ஸ் கூப்பிட்டாங்க. மீன் பிடிக்க."

"அன்னிக்கு எங்கம்மாவுக்கு ஆபரேஷன். இன்ஸ்பெக்ஷன், தலை போனாலும் வர முடியாதுன்னீங்க."

மேனேஜர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"உண்ணி கடிச்சு வர்ற காய்ச்சலை விளையாட்டா எடுத்துக்காதீங்க" என்றார் பூச்சிக்காரர், எழுந்துகொண்டே. "இப்பவே டாக்டர்கிட்ட போங்க. ஏரிக்கரைப் புல்லுல, போன புதன்கிழமைன்னு உண்மையைச் சொல்லுங்க. சீக்கிரம் மருந்து குடுத்தா பிழைச்சுக்கலாம். நாயைக் கொன்னா உங்க காய்ச்சல் இறங்காது."

மனைவி போனை எடுத்து ஊசிக்காரனை வர வேண்டாம் என்றாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"எழுந்திரிங்க. கொல்லையில குழாய்கிட்ட நின்னு சட்டையைக் கழட்டுங்க. இன்னும் எத்தனை ஒட்டியிருக்குன்னு பார்த்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அதுவரைக்கும் உள்ள வரக்கூடாது."

போர்வையோடு மேனேஜர் பின்வாசல் வழியாக வெளியே போனார். தையல்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சங்கிலியை அவிழ்த்தாள். சோம்பேறி நிதானமாக உள்ளே வந்து, சோபாவில் அவர் சூடு பண்ணி வைத்திருந்த இடத்தில் ஏறிப் படுத்தது. யாரும் அதை இறங்கச் சொல்லவில்லை.